மட்டக்களப்பு வாவிக்கரையும் பழைய பிக்கப் வண்டிகளின் எரிபொருட் கோளாறுகளும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கந் தொடங்கித் தெற்கே கல்முனையை அண்மி, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் வண்டிகள் ‘பாதை’ எனப்படும் மிதவையிலேயே அக்கரை சேர்ந்தன. நெல்மூடையும் மீன்பெட்டியும், சில இரவுகளில் நோயாளரும், இன்றும் பழைய டட்சன், டொயோட்டா பிக்கப்புகளிற் செல்வதுண்டு. வயல்வழி நடுவே இத்தகைய வண்டி நின்றுவிடின் அருகில் மெக்கானிக் எவரும் இரார். எனவே கோளாறு எவ்விடத்தது என்பதை ஓட்டுநர் தாமே அறிந்திருத்தல் வேண்டும். ஈண்டுப் பெற்றோல் வண்டியையே பெரிதும் நோக்குவோம்.

தாங்கியிலுள்ள பெற்றோல் குழாய்வழி வடிக்குச் சென்று, பம்பினால் இழுக்கப்பட்டுக் காபுரேற்றரை அடைகின்றது. இவற்றிற்குத் தூய தமிழ்ச் சொற்கள் ஆக்குவதை நாம் எதிர்ப்பவரல்லர். எனினும் பட்டறையில் நிற்பவனுக்கு விளங்காத சொல்லால் வண்டி பழுது தீராதாகலின் அவன் வழங்குஞ் சொல்லையே பெரும்பாலும் கையாள்கின்றோம்.

நின்ற வண்டியெல்லாம் எரிபொருளால் நின்றதன்று. பிளக்கிற் பொறி வருகின்றதா என்பதை முதலிற் காண்க. பொறி நன்றாயின், எஞ்சின் ஆறியபின், பொறி எழாதவாறு சுருளின் இணைப்பைக் கழற்றிவிட்டு, காபுரேற்றரிற் புகும் குழாயை ஒரு போத்தலுள் விட்டு எஞ்சினைச் சுழற்றுக. பெற்றோல் விட்டுவிட்டுப் பாயுமாயின் பம்பு வரை குறையில்லை. காபுரேற்றரின் ஊசியோ ஜெற்றோ அடைபட்டிருக்கலாம். பாயாவிடின் தாங்கியின் மூடியைத் திறந்து மீண்டும் முயல்க. அப்போது பாயுமாயின் மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது. ஓடிச் சிறிது தூரத்தில் நின்று, ஆறவிட்டபின் மீண்டும் ஓடும் வண்டிகளுட் சில இவ்வகையின. ஊசியளவு துளையைத் துப்புரவு செய்யாது பம்பை மாற்றிப் பணத்தை இழந்தோர் பலர். வடியிலும் அடைப்பில்லையெனின் பம்பின் இறப்பர்த் தகடு கிழிந்திருக்கலாம். எஞ்சின் எண்ணெயிற் பெற்றோல் மணமும் வருமாயின் அது பெரும்பாலும் உறுதி. அவ்வெண்ணெயை மாற்றாது வண்டியை ஓட்டலாகாது.

வாவிக்கரையில் மிகுதியுங் காணப்படுவது நீர்க்கலப்பே. கார்த்திகை முதல் தைவரை வடகீழ்ப் பருவமழை. ஏனைய மாதங்களிலும் ஈரமும் உப்பும் கலந்த காற்று. பாதி வெறுமையான தாங்கியுட் புகும் ஈரக்காற்று இரவிற் குளிர்ந்து துளியாகின்றது. மூடியின் இறப்பர் வளையம் உலர்ந்து வெடித்திருப்பின் மழைநீரும் இறங்கும். பெற்றோலின் அடர்த்தி நீரினதில் முக்காற் பங்களவே. ஆதலின் நீர் அடியிற் தங்கித் தகட்டைத் துருவேற்றுகின்றது. அடியில் வாய்வைத்துள்ள குழாய் அதனையே முதலில் உறிஞ்சும். போத்தலிற் பிடித்த பெற்றோலைச் சற்றே அசையாது வைத்தால் நீர் கண்ணாடிக் குமிழ்போல் அடியிற் திரளும். வடியிற் செந்நிறத் தூள் தென்படும். அந்நிலையில் வடியை மாத்திரம் மாற்றுவது வீண்செலவு. தாங்கியைக் கழற்றிக் கழுவுதலே தகும். கழுவிய தாங்கியில் ஓட்டையிருப்பினும் அதனைப் பற்றவைப்போரிடம் உடனே கொடுத்தல் ஆகாது. காலியான தாங்கியிலே தங்கும் ஆவி வெடிக்கும் தன்மையது. நிறைந்த தாங்கியினும் அதுவே கொடியது.

தட்டுப்பாடும் ஒரு காரணமே. 1990களிற் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்திற் பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஓடியது உண்மை, ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழி இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்தது, எஞ்சினும் தட்டியது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நேர்ந்தது வேறு. வாரக்கணக்கில் நின்ற வண்டிகளின் காபுரேற்றரிற் பெற்றோல் ஆவியாகிப் பிசின் படிந்தது. கலன்களிற் சேமித்த பழம்பெற்றோலும் அவ்வாறே கெடும். பிசின் படிந்த ஜெற்றைக் கம்பியாற் குத்தின் துளை பெருத்து எரிபொருள் வீணாகும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதுதலே முறை.

டீசல் வண்டியிற் கதை சிறிது. வடியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்தபின், கைப்பம்பை அழுத்திக் குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். குழாயிற் காற்று எஞ்சியிருப்பின் எஞ்சின் எவ்வளவு சுழன்றும் பற்றாது, பற்றரியே இறங்கும்.