மார்பகப் புற்றுநோயும் ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோனும்



எமது மேற்பிரிவு லயத்தில் ஒரு சகோதரி இருக்கிறார். மார்பில் கட்டி வந்து, சத்திரசிகிச்சை செய்து, சுகமாகி, மறுபடியும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். அண்மையில் அவர் வீட்டுக்குப் போனபோது ராக்கையில் குளிசை அட்டைகள் பிரிக்காமல் கிடப்பதைக் கண்டோம். கேட்டதற்கு, "இப்ப ஒரு நோவும் இல்ல மிஸ். சத்துக் குளிசைதானே, குடிச்சா உடம்பு காந்துது. நாலு மாசமா விட்டுட்டேன்" என்றார்.

அது சத்துக் குளிசை அல்ல. தமொக்சிபென் என்னும் மருந்து. அதை ஏன் விடக்கூடாது என்பது விளங்க, ஈஸ்ட்ரஜன் என்னும் ஓமோனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஈஸ்ட்ரஜன் பெண்ணின் சூலகத்தில் ஊறி இரத்தத்தோடு ஓடுகிறது. பிள்ளை வயதுக்கு வருவதும், மார்பு வளர்வதும், மாதாமாதம் சுகவீனம் வருவதும் இதனால்தான். எலும்புக்கு உறுதி தருவதும் இதுதான். ஆகவே இதை விஷம் என்று நினைக்க வேண்டாம்.

மார்பில் உள்ள சில கலங்களில் பூட்டு மாதிரி ஒன்று உண்டு. ஈஸ்ட்ரஜன் அதற்கேற்ற சாவி. சாவி பூட்டில் விழுந்தால் "பெருகு" என்ற கட்டளை பிறக்கும், கலம் இரண்டாகும். இப்படிப் பெருகும்போது ஒவ்வொரு கலமும் தன்னிடமுள்ள கணக்கைப் பார்த்தெழுதிப் புதுக் கலத்துக்குக் கொடுக்கிறது. செக்ரோலைப் பார்த்தெழுதும்போது கிளார்க் ஐயாவுக்கும் ஓரிடத்தில் பிழை வரும் அல்லவா? எழுத எழுதப் பிழைக்கு இடமும் கூடும். அநேக பிழைகளை உடம்பே திருத்திவிடும். திருத்தாமல் விட்டது சில வேளை புற்றுநோயாகிறது. அந்தக் கெட்ட கலத்திலும் பூட்டு இருந்தால், அதே ஈஸ்ட்ரஜன் அதையும் வளர்த்துவிடும்.

இதனால்தான் சிறு வயதிலேயே பெரிய பிள்ளையானவர்களுக்கும், மாதவிடாய் பிந்தி நின்றவர்களுக்கும் ஆபத்து சற்றுக் கூட. பிள்ளை பெறுவதும் பால் கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கின்றன. 30 நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் பார்த்தபோது, பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து நூற்றுக்கு 4 அளவில் குறைவதாகத் தெரிந்தது. மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து பால் கொடுக்கும் தாய்க்கு இதுவும் ஒரு லாபம். அதற்காக, "நாலு பிள்ளைக்குப் பால் குடுத்தேன், எனக்கு வராது" என்று இருந்துவிட முடியாது. குறையுமே தவிர இல்லாமல் போகாது.

மாதவிடாய் நின்ற பின் உடம்புக் கொழுப்பிலும் ஈஸ்ட்ரஜன் உண்டாகிறது. அந்த வயதில் உடம்பு பெருப்பது நல்லதல்ல. மதுபானமும் ஈஸ்ட்ரஜனைக் கூட்டும். சம்பள நாளில் களைப்புக்கு ஒரு வாய் என்று எடுக்கும் அக்காமாரும் இருக்கிறார்கள், கோபிக்க வேண்டாம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதைப் பாவிக்கும் காலத்தில் ஆபத்து சிறிதளவு கூடும், விட்ட பின் வருடங்கள் போகப் போக அது குறைந்துவிடும். குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் இருந்தால் மிட்வைப் அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

1896ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்து நாட்டு வைத்தியர் ஜோர்ஜ் பீட்சன், சூலகத்தை எடுத்துவிட்டால் சில பெண்களுக்கு மார்புக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஓமோன் என்ற சொல்லே அப்போது இல்லை. இன்று அதற்காக எல்லோருக்கும் சூலகத்தை எடுக்கவேண்டியதில்லை. தமொக்சிபென் போய்ப் பூட்டில் மாட்டிக்கொள்ளும், ஆனால் திறக்காது. ஈஸ்ட்ரஜன் வந்தால் நுழைய இடமிருக்காது.

பத்துக் கட்டிகளில் ஏழு அளவில் இந்தப் பூட்டு உள்ளவை. எடுத்த கட்டியைப் பரிசோதித்துத்தான் வைத்தியர் இக்குளிசையைத் தருவார். பூட்டு இல்லாத கட்டிக்கு இது வேலை செய்யாது. ஆகவே "உனக்கும் அதே வருத்தந்தானே" என்று ஒருவர் குளிசையை மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது.

சத்திரசிகிச்சையின் பின் கண்ணுக்குத் தெரியாத கலங்கள் உடம்பில் எங்காவது தங்கியிருக்கலாம். அவை நோவு தராது. அவற்றைப் பட்டினி போடத்தான் 5 வருடம், சிலருக்கு 10 வருடம், தினமும் குடிக்கவேண்டும். 5 வருடம் ஒழுங்காகக் குடித்தால், இந்நோயால் வரும் மரணம் மூன்றில் ஒரு பங்கு அளவில் குறைகிறது.

உடம்பு காந்துவது, வியர்ப்பது இக்குளிசையின் குணம். அதற்கு வைத்தியரிடம் வழி கேட்கலாம். ஆனால் மாதவிடாய் நின்றவருக்கு இரத்தம் பட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் உடனே காட்டவேண்டும். குடிக்கும் காலத்தில் கர்ப்பம் தரிக்கவும் கூடாது.

கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்ற கஷ்டம் எமக்கும் தெரியும். கிளினிக் துண்டை முதல் நாளே எம்மிடம் காட்டுங்கள், தோட்டத்தில் பேசிப் பார்க்கிறோம். 35 வயதானவர்கள் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பையும் காட்டலாம். வலிக்காத கட்டி என்று மட்டும் ஒதுக்காதீர்கள், ஆரம்பத்தில் அநேகமாக வலிக்காது.

அந்தச் சகோதரி ஏச்சு விழும் என்று பயந்துகொண்டே கிளினிக் போனார். நாலு மாதம் விட்டதை மறைக்காமல் சொன்னார். வைத்தியர் ஏசவில்லை. பரிசோதித்துவிட்டு மீண்டும் எழுதிக் கொடுத்தார். இப்போது காலைப் பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணியோடு குடிக்கிறார். அட்டையைப் பார்த்து ஞாபகப்படுத்துவது அவருடைய சின்ன மகள்.