பெரிய சில்லும் பாதிக் காற்றும்

வடமராட்சியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஹைலக்ஸ் டபுள் கப் ஒன்று நிற்கிறது. கம்பனி ரயரைக் கழற்றிவிட்டு 285 போட வேண்டுமென்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான். கூட்டாளிமார் எல்லாரும் போட்டுவிட்டார்களாம். "போடலாமா, கூடாதா? ஒரு சொல்லில் பதில் தேவை" என்று கடிதம் முடிகிறது.

ஒரு சொல்லில் பதில் சொன்னால் மகன் கேட்கப்போவதில்லை. கணக்கோடு பார்ப்போம்.

1968 முதல் டொயோட்டா செய்துவரும் ஹைலக்ஸைப் பற்றிக் குடாநாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் கம்பனி போட்டுத் தரும் ரயரின் பக்கச் சுவரில் 265/65 ஆர் 17 என்று இருக்கும். ரயரின் அகலம் 265 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் 17 அங்குலம். கூட்டினால் சில்லின் முழு உயரம் 776 மில்லிமீற்றர். மகன் கேட்கும் 285/70 ஆர் 17 ஐ அதே வழியில் கூட்டினால் 831 வருகிறது. வித்தியாசம் 55 மில்லிமீற்றர், அதாவது 7 சதவீதம். ஆனால் அச்சு சில்லின் நடுவில் இருப்பதால் வண்டி உயர்வது இதில் பாதிதான். நான்கு ரயருக்கும் இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் உயரம் இரண்டே முக்கால் சென்ரிமீற்றர்! 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் நம் ஒழுங்கைகளில் எவ்வளவு நின்றது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

வேகம் காட்டும் மீற்றருக்கு வீதியின் நீளம் தெரியாது, சுழற்சி மட்டுமே தெரியும். பழைய சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 410 தடவை சுழன்றது. புதியதற்கு 383 போதும். மீற்றரோ பழைய கணக்கிலேயே எண்ணிக்கொண்டிருக்கும். முள் 70 இல் நிற்க வண்டி 75 இல் ஓடும். கம்பனி மீற்றர்கள் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் காட்டுவது வழக்கம். அந்தப் பாதுகாப்பு இதில் கரைந்துபோகிறது. ஏ9 வீதியில் பொலிஸாரின் கருவியில் விழுவது வண்டியின் உண்மையான வேகம்.

தூரக் கணக்கும் அப்படித்தான். மீற்றர் ஓர் இலட்சம் காட்டும்போது வண்டி ஓடியிருப்பது ஓர் இலட்சத்து ஏழாயிரம் கிலோமீற்றர். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் மீண்டும் தொடங்கிய நாட்டில், அத்தனை வருடமும் பழைய வண்டிகளே கைமாறின. மீற்றரில் யாரும் கைவைக்காமலே ஏழாயிரம் கிலோமீற்றர் மறைந்துபோகும் வழி இது. வாங்குபவர் ரயரின் இலக்கத்தையும் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய ரயர் போட்ட பிறகு வண்டி டீசல் குடிக்கிறது என்று பலர் முறையிடுவார்கள். கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். மீதி முறைப்பாடு தூரத்தைக் குறைத்து எண்ணிய மீற்றரால் வருவது.

இழுவையும் குறைகிறது. சோளகக் காற்றுக்கு எதிரே பண்ணை வீதியில் அப்பாவின் 28 அங்குலச் சைக்கிளை மிதித்துப் போன பள்ளிப் பையனுக்கு இதன் காரணம் சூத்திரமில்லாமலே விளங்கும். எஞ்சின் அதே திருப்புவிசையைத்தான் கொடுக்கிறது. சில்லின் ஆரை கூடியதால் நிலத்தைத் தள்ளும் விசை ஆறு, ஏழு சதவீதம் குறைகிறது. பிரேக்குக்கும் அதே கதி. ரயர் உராயாமலிருக்க வெளியே தள்ளி நிற்கும் ரிம் போட்டால் பேரிங் மீது பாரம் ஏறும். ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்காட் உராயும். பிறகு மட்காட்டை வெட்டச் சொல்வார்கள். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டிய வேலை இது.

அந்த ஒன்பதையும் ஒழுங்காகத் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஐஸ்லாந்தில். அங்குள்ள ஆர்க்டிக் ட்ரக்ஸ் நிறுவனம் தயார் செய்த ஹைலக்ஸில்தான் 2007 இல் பிரித்தானியாவின் 'டொப் கியர்' தொலைக்காட்சிக் குழு காந்த வடதுருவ இடத்துக்கு ஓடிப்போனது. அதற்குப் போட்டிருந்தவை 38 அங்குல ரயர்கள். மகன் கேட்பது ஏறத்தாழ 33. ரயருக்கு ஏற்றபடி மட்காட்டை வெட்டி அகட்டுவதும், அச்சுப் பல்லின் விகிதத்தை மாற்றுவதும், மீற்றரைத் திருத்துவதும் அவர்களுக்கு ஒரே வேலையின் பகுதிகள். உறைபனியில் இறங்கியதும் அவர்கள் செய்யும் முதல் காரியம் ரயரில் உள்ள காற்றைத் திறந்துவிடுவது.

இந்தப் பத்தியாளரை நெடுநாளாக வியக்க வைத்திருக்கும் சங்கதி அந்தக் காற்றில்தான் இருக்கிறது. ஹைலக்ஸின் எடை சுமார் இரண்டு தொன் என்று வைத்தால் ஒரு சில்லின் பங்கு 500 கிலோ. ரயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 2.1 கிலோவைத் தாங்கும். 500 ஐ 2.1 ஆல் பிரித்தால் சுமார் 240. ஒரு சில்லு நிலத்தைத் தொடும் இடம் அவ்வளவு சதுர சென்ரிமீற்றர்தான். ஏ4 தாளில் பாதிகூட இல்லை. இந்தக் கணக்கில் ரயரின் அகலம் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 265 ஐக் கழற்றி 285 போட்டு அதே 30 காற்றை அடித்தால், தொடும் இடம் பெரிதாக மாறாது. அதன் வடிவம்தான் அகன்று குறுகும். ரயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்குவதால் கணக்கு அச்சொட்டாக வராது. ஆனாலும் திசை இதுதான். காற்றை 15 ஆக்கினால் இடம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அகலமான ரயர் இலட்சக்கணக்கில் செலவழித்தும் தராததை, வால்வை அழுத்தும் ஒரு குச்சி சும்மா தருகிறது.

மணலில் இதை நன்றாகப் பயன்படுத்தியவர் பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர் ரால்ப் பக்னோல்ட். 1920களின் இறுதியிலும் 1930களிலும் சாதாரண ஃபோர்ட் கார்களில் அவரும் நண்பர்களும் லிபியப் பாலைவனத்து மணற்கடலுக்குள் போய்வந்தார்கள். காற்றைக் குறைத்து ஓடுவதும், புதைந்தால் சில்லின் கீழே இரும்புத் தகடு செருகுவதும் அவர்களுடைய வழக்கம். மணல் காற்றில் எப்படி நகர்கிறது என்று அவர் எழுதி 1941 இல் வந்த நூலை, செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்பவர்களும் புரட்டுகிறார்கள்.

நம்மிடமும் மணல் இருக்கிறது. வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் போகும் பாதை, மணற்காடு, அங்கிருந்து நாகர்கோவில் வரை நீளும் கரை. அதைத் தவிர்த்தால் குடாநாடு தட்டை. மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து சில பத்து அடிகள்தான். ஏறுவதற்கு மலையில்லை, கடப்பதற்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மணலுக்கு 15 முதல் 18 வரை குறைத்து மெதுவாகப் போகலாம். தார் வீதிக்குத் திரும்பியதும் காற்றடித்தாக வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். சிறிய பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும். மணல்மேட்டின் மேலேயே ஏற்றி விளையாடுவது வேறு விஷயம். மணற்காட்டில் பழைய தேவாலயத்தையே மூடிவிட்ட மணல் அது. அதைக் கட்டி வைக்கத்தான் அங்கே சவுக்கு நட்டார்கள். அதைச் சில்லால் கிண்டுவதை வீரம் என்று சொல்ல முடியாது.

இத்தனை பேசியும் நம்மவர் பெரும்பாலோர் சாரதிக் கதவருகே ஒட்டியிருக்கும் காற்று அளவுத் தாளைப் படிப்பதேயில்லை. கராஜ் பையன் அடித்ததுதான் அளவு. ரயரின் வயதையும் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 3519 என்றால் 2019 ஆம் ஆண்டின் 35 ஆம் வாரம் செய்தது. பூ தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். பெரிய சில்லைத் தேடும் கண்ணுக்கு இந்தச் சின்ன எழுத்து படாதது கவலைக்குரியது.

வடமராட்சி வாசகருக்கு: மகன் விடமாட்டானென்றால் 265/70 ஆர் 17 போட்டுக் கொடுங்கள். உயரம் 803, வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்குள். பாரச் சுட்டி 112 க்குக் குறையக் கூடாது. ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். காப்புறுதிக்காரருக்கும் ஒரு வார்த்தை அறிவித்துவிடுங்கள்.

கழற்றிய நான்கு ரயரும் வளவின் மூலைக்குப் போகும் என்பது தெரிந்ததே. மாரி மழையில் அவற்றுக்குள் நிற்கும் ஒரு கோப்பை நீர் டெங்கு நுளம்புக்குத் தாராளம். அதன் முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகள் டெங்கு நோயாளரால் நிறைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பூ மிச்சமுள்ள ரயரைத் தேவையானவருக்கு விற்றுவிடுங்கள். மாட்டுத் தீனிக்கோ பூச்செடிக்கோ வைத்திருப்பதென்றால் அடியில் இரண்டு மூன்று துளை போடுங்கள், அல்லது கூரைக்குக் கீழே வையுங்கள்.