நிழலில் வண்டி, வெயிலில் டிஷ்

வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு போகும் வழியில் உறவினர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. ஒரு புரட்டாசி மாதம் எங்கள் வேனை அங்கே இரண்டு ராத்திரி போட்டிருந்தோம். பழைய டிராவலர் வண்டி. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், அடுப்பு, 24 அங்குல டி.வி. எல்லாம் வைத்தது. கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஞாபகம்தான் வரும் என்பதால் வீட்டில் அதை வேன் என்றே சொல்வோம்.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பக்கத்திலேயே டிஷ்ஷை நட்டு, ஒரு மணி நேரம் திருகியும் திரையில் ‘நோ சிக்னல்’ மாறவில்லை. தோட்டக்காரர் வந்து பார்த்தார். “மலை மறைக்கிது தம்பி. இந்தா நிக்கிதுல்ல, இம்புட்டுப் பெரிசு” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடைசியில் அலுத்துப்போய் டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு போய், பதினைந்து அடி தள்ளி வாய்க்கால் மேட்டில், வெயிலில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் படம் வந்துவிட்டது. மலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

தோட்டக்காரர் சொன்னதிலும் ஒரு பழைய நியாயம் உண்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் டி.வி. வந்த காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் எல்லாம் கொடைக்கானல் டவரைத்தான் பார்த்து நின்றன. மலை உச்சியிலிருந்து தூர்தர்ஷன் தரைவழியாக வந்தது. குறுக்கே ஒரு மேடு இருந்தால் படத்தில் பூச்சி பறக்கும். அதற்கும் முன்னால், 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், தென்மாவட்டங்களில் உயரக் கம்பம் நட்டுத் தென்கிழக்கே திருப்பியவர்களும் உண்டு. ஆக, டி.வி. என்றால் மலைதான் கொடுக்கும், மலைதான் மறைக்கும் என்பது அந்தத் தலைமுறையின் அனுபவம். செல்போனுக்கு இன்றும் அது உண்மை. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் போன் சிக்னல் வருவதும் போவதும் அதனால்தான். டவர் தரையில் நிற்கிறது, நடுவில் பாறை வருகிறது.

டிஷ்ஷுக்குச் சங்கதி வேறு. அது பார்ப்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை. நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே பத்து டிகிரி தூரத்தில். அதனால் செயற்கைக்கோள்கள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள கோளிலிருந்து. வத்தலக்குண்டில் நின்று பார்த்தால் அது அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கும். டாடா பிளேயின் 83 டிகிரி கோள் 76 டிகிரிக்கும் மேலே. ஏர்டெல்லின் 108.2 டிகிரி கோள்தான் இவற்றில் தாழ்வு. அதுவும் 53 டிகிரி. மூன்றும் கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவே. பழனி மலை நமக்கு மேற்கே. டிஷ் மலைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறது!

லண்டனில் வேனை நிறுத்துகிறவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே டி.வி. வருகிற கோள் அடிவானத்திலிருந்து 25 டிகிரி உயரத்தில் கிடக்கும். 25 மீட்டர் மரம் ஒன்று 50 மீட்டர் தள்ளி இருந்தால்கூட மறைத்துவிடும். அதே மரம் வத்தலக்குண்டில் 93.5 கோளை மறைக்க வேண்டுமானால் டிஷ்ஷிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 83 டிகிரி கோளை மறைக்க 6 மீட்டருக்குள். ஏர்டெல்லுக்கு மட்டும் 19 மீட்டர்வரை பார்த்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் பள்ளத்தில் கிடக்கும் பூம்பாறை, மன்னவனூர் பக்கம்கூட மலைச்சரிவு 50 டிகிரிக்கு மேல் எழும்பி நிற்கும் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆக, எதிரி மரம். அதுவும் தலைக்கு மேலே கவிந்த மரம். முகாம் போடுகிற எல்லாரும் நிழலைத்தான் தேடுவார்கள்; கீழே புளியமரமும் தென்னையும், மேலே ஏறினால் சில்வர் ஓக்கும் யூகலிப்டசும் பைனும். ஈரம் நிறைந்த இலை, கோளிலிருந்து வரும் அலையை நன்றாகவே விழுங்கும். காற்றடிக்கும்போது ஓலை ஒதுங்கினால் படம், திரும்பினால் கட்டம் கட்டமாக உடைதல். இதற்கு ஒரே வழி நீளமான கேபிள். வண்டி நிழலில் கிடக்கட்டும், டிஷ் வெயிலுக்குப் போகட்டும். ஆர்.ஜி.-6 கேபிள் 20 மீட்டர்வரை தாராளமாக இழுக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை.

இனி திருப்புகிற வேலை. முதலில் டிஷ்ஷைத் தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழாய் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் பொறித்த டிகிரி அளவு எல்லாம் பொய் சொல்லும். கொத்தனாரின் தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் பிடித்துப் பாருங்கள், போதும். குழாயை நிறுத்த நான் பழைய கார் டயருக்குள் சிமெண்டு கொட்டி நடுவில் நட்டு வைத்திருக்கிறேன். தூக்க ஆள் வேண்டும், ஆனால் ஆடிக் காற்றுக்கு அசையாது. கனம் வேண்டாம் என்றால் இரும்புத் தகட்டில் குழாயைப் பற்றவைத்து, தகட்டின் மேல் வண்டிச் சக்கரத்தை ஏற்றி நிறுத்தலாம். இரண்டாவது வழியில் டிஷ் வண்டியோடு ஒட்டிக்கொண்டு மறுபடி நிழலுக்கே வந்துவிடும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

திசைக்கு வருவோம். 93.5 கோள் வடக்கிலிருந்து வலச்சுற்றாக 122 டிகிரியில் இருக்கிறது. போனில் உள்ள திசைகாட்டி போதும், ஆனால் வண்டியின் இரும்பிலிருந்து நாலு எட்டு தள்ளி நின்று பாருங்கள். திசைகாட்டி இல்லாவிட்டாலும் கவலையில்லை: வத்தலக்குண்டிலிருந்து மதுரை இருக்கும் திசையும் ஏறத்தாழ இதேதான், ஓரிரு டிகிரி முன்னே பின்னே. யாரிடமாவது மதுரை எந்தப் பக்கம் என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். மதுரை பஸ் போகிற ரோட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது நிலக்கோட்டைக்காக முதலில் கிழக்கே போகும். கொடைக்கானலில் இருந்தால் மதுரைக்குக் கொஞ்சம் தெற்கே திருப்ப வேண்டும். டாடா பிளே வைத்திருப்பவர்கள் இன்னும் தெற்கே, 152 டிகிரிக்கு. ஏர்டெல்காரர்கள் கிழக்கே, 107-க்கு.

உயரம்தான் ஆளைக் குழப்பும். டிஷ்ஷின் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே அது பார்ப்பதில்லை. வீட்டு டிஷ்கள் ஒருக்களித்த வடிவம் கொண்டவை. முகம் காட்டும் கோணத்தைவிட 20, 25 டிகிரி மேலே இருந்துதான் அலையை வாங்கும். 68 டிகிரிக்குத் திருப்பிய டிஷ் பார்வைக்கு 45 டிகிரிதான் நிமிர்ந்த மாதிரி இருக்கும். ‘வானத்தைப் பார்க்கணுமே’ என்று முகத்தை நிமிர்த்திக்கொண்டே போனால் கோளைத் தாண்டிவிடுவீர்கள். பின்னால் உள்ள அளவுகோலில் பொறித்த எண்ணை நம்புங்கள்.

அடுத்தது, எல்.என்.பி. டிஷ்ஷின் கை நுனியில் இருக்கும் அந்தச் சின்ன உருண்டை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்களில் அது நேராக நிற்பதில்லை, நன்றாகச் சாய்ந்துதான் நிற்கும். எவ்வளவு என்று கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு மாடியில் ஓடிக்கொண்டிருக்கும் டிஷ்ஷைக் கழற்றுமுன் எல்.என்.பி.யின் மேலும் பிடியின் மேலும் சேர்த்து ஒரு நகப்பூச்சுக் கோடு போடுங்கள். முகாமில் இரண்டு கோட்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது. மாவட்டம் தாண்டினால்கூட வித்தியாசம் சொற்பம். எங்கள் டிஷ்ஷில் அந்தக் கோடு சிவப்பு. வீட்டில் அந்தப் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இப்போது செட்டாப் பெட்டியின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். இரண்டு பட்டை தெரியும். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. முதல் பட்டையை மறந்துவிடலாம். டிஷ்ஷைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்தாலும் அது கொஞ்சம் ஏறி நிற்கும். குவாலிட்டி ஏறினால்தான் கோள் அகப்பட்டது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் நகத்தளவு நகர்த்தி மூன்று எண்ணும்வரை நிற்க வேண்டும். பெட்டி யோசித்துச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும். விறுவிறுவென்று திருப்புகிறவருக்குக் கோள் அகப்படாது. கூவுகிற சின்ன மீட்டர் கடையில் கிடைக்கும், அதுவும் உதவும்தான். ஆனால் 88, 93.5, 95 என்று பல கோள்கள் பக்கம் பக்கமாக நிற்பதால் அது எந்தக் கோளுக்குக் கூவுகிறது என்று அதற்கே தெரியாது. ஒருமுறை 95-ல் உள்ள டிஷ் டி.வி. கோளைப் பிடித்துவைத்துக்கொண்டு ஏன் சேனல் வரவில்லை என்று அரை மணி உட்கார்ந்திருந்தேன். நட்டை இறுக்கும்போதும் கண் திரையிலேயே இருக்கட்டும். இறுக்குகிற இறுக்கில் ஒரு டிகிரி ஓடிவிடும்.

கேபிள் முனையை மாட்டுமுன் பெட்டியை அணைத்துவிடுங்கள். எல்.என்.பி.க்கு வேண்டிய 13, 18 வோல்ட் மின்சாரம் அதே கேபிளில்தான் மேலே போகிறது. முனையில் ஒரு வலைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டால் பெட்டி படுத்துவிடும்.

கரண்டுக்கு இன்வெர்ட்டர் தேவையே இல்லாமல் போகலாம். பல பெட்டிகளின் அடாப்டர் 12 வோல்ட்தான் கொடுக்கிறது. அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டி.வி.யும் பெட்டியும் சேர்ந்து 40 வாட் அளவில் இழுத்தால், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதியை மட்டும் செலவழித்தாலும் பதினாலு மணி நேரம் ஓடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும் என்பதால், நடுவில் 12 வோல்ட்டில் நிறுத்தும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள்.

கொடைக்கானலுக்கு ஏறுபவர்கள் கேட்கும் கேள்வி பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூட்டத்திலும் படம் தெளிவாக வரும். நம்பக் கஷ்டமாக இருக்கும். இந்த அலையின் நீளம் இரண்டரை, மூன்று செ.மீ.; பனித்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அலைக்கு அது இருப்பதே தெரியாது. மழைத்துளி சில மில்லிமீட்டர், அதுதான் அலையை விழுங்குகிறது, சிதறடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் கொட்டினால் படம் போகும், மழை விட்டதும் தானே வரும். அந்த நேரத்தில் டிஷ்ஷைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். இதில் கொடைக்கானலுக்கு ஒரு சலுகை உண்டு. நம் பக்கத்தில் மழைத்துளிகள் நிறைந்த அடுக்கு கடல்மட்டத்திலிருந்து சுமார் 5 கி.மீ. உயரம்வரைதான். ஊரே 2,100 மீட்டரில் இருப்பதால் அலை கடக்கவேண்டிய மழை மூன்று கி.மீ.தான். மழை நின்றும் படம் வரவில்லையா, எல்.என்.பி. மூடியில் தேங்கிய தண்ணீரைத் துடையுங்கள். குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள். வனத்துறை இடத்தில் அனுமதியின்றி இரவு நிறுத்த முடியாது. தங்குமிடத்து வளாகத்திலேயே நிறுத்துங்கள். ராத்திரி காட்டுமாடு ஊருக்குள் சாதாரணமாக உலாவும், ஆகவே கேபிளைத் தரையில் குறுக்கே விடாமல் சுவரோரமாக ஒதுக்குங்கள். பகலில் குரங்கு. டிஷ்ஷின் கை அதற்கு ஊஞ்சல்.

இன்னொரு தடங்கலும் உண்டு, வருஷத்தில் இரண்டு தடவை. கொடைக்கானலில் 1899-ல் நிறுவிய ஆய்வகம் இன்றும் சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சூரியன் ஒளியை மட்டுமல்ல, ரேடியோ இரைச்சலையும் கொட்டுகிறது. பங்குனி தொடக்கத்திலும் புரட்டாசி இரண்டாவது வாரத்திலும் சில நாள், காலை பதினொரு மணி வாக்கில், சூரியன் 93.5 கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நிமிடம் டிஷ்ஷுக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அந்த நாட்களில் பதினொரு மணிக்கு எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ, அந்த இடத்திலிருந்து வருஷம் முழுக்கக் கோள் தெரியும். அடிக்கடி போகிற இடமென்றால் அங்கே ஒரு கல்லை நட்டுவைத்துவிட்டு வரலாம்.

தோப்பில் இரண்டாம் நாள் அதுதான் நடந்தது. தோட்டக்காரர் வேன் படியில் உட்கார்ந்து பழைய படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று ஆகப் போகிறது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றுவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பி மலையைப் பார்த்தார்.

“இப்ப என்ன மறைக்கிது தம்பி?”

“சூரியன்ணே.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் போடப் போய்விட்டார்.