பாய்மரப் படகில் ஒரு குடித்தனம்!

சித்த வைத்தியருக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் கிடையாதுதான். பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த ஐந்தரை வருஷமும் தாமிரபரணியில் முங்கிக் குளித்ததோடு சரி. படகில் ஏறியது கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போனபோது மட்டும்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே எனக்குக் குமட்டல்!

சில வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்டோபர் மாதம். ஒரு நாள் மருமகன், "மாமா, என்கூட வேலை பார்க்கிறவரோட அப்பாவும் அம்மாவும் படகிலேயே குடித்தனம் பண்றாங்க. இப்போ இங்கேதான் கட்டிப் போட்டிருக்காங்க. பார்க்கப் போவோமா?" என்றார். படகிலே குடித்தனமா! உடனே கிளம்பிவிட்டேன்.

அந்த ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கிங்ஹாம் கால்வாய் கடலை ஒட்டியே ஓடுகிறது அல்லவா? அதுபோல அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி ஆறுகளையும் காயல்களையும் வெட்டுக் கால்வாய்களையும் கோத்து ஒரு நீர்வழி போட்டிருக்கிறார்கள். நார்ஃபோக்கில் தொடங்கித் தெற்கே ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் வரைக்கும் 1,243 மைல். பூஜ்ஜியமாவது மைல் எங்கே இருக்கிறது தெரியுமா? எதிர்க்கரையில் போர்ட்ஸ்மவுத் கடற்படை ஆஸ்பத்திரிக்கு முன்னால் மிதக்கும் ஒரு சிவப்பு மிதவையில்! 1830-ல் திறந்த ஆஸ்பத்திரி அது. பயணத்தை ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிக்கிறார்களே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெரியவர் கதையைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை.

குளிர் தொடங்கும் முன் தெற்கே போவது, வசந்தத்தில் வடக்கே திரும்புவது. வேடந்தாங்கல் பறவைகள் மாதிரி வருஷா வருஷம் நூற்றுக்கணக்கான படகுகள் இப்படிப் போய் வருகின்றன. பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவன், மனைவிதான். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால் அவசரப்பட்டுத் தெற்கே இறங்குவதும் கிடையாது.

நான் பார்த்த தம்பதியில் அவருக்கு 68 வயது, பள்ளி ஆசிரியராக இருந்தவர். அந்த அம்மாவுக்கு 64, நூலகத்தில் வேலை. படகு 34 அடி நீளம், அகலம் 11 அடி இருக்கும். உள்ளே இறங்கினால் நம் ரயில் முதல் வகுப்பு கூபேயை நாலைந்து சேர்த்து வைத்தது மாதிரி. ஒரு பக்கம் அடுப்பு. படகு ஆடினால் அடுப்பும் கூடவே ஆடும்படி தொங்கவிட்டிருக்கிறார்கள், குழம்பு கொட்டாது! சின்ன மேஜை, அதைத் தாழ்த்தினால் கட்டில். கக்கூஸ் நம் வீட்டு பீரோ அளவுதான்.

தினமும் விடியும் முன் எழுந்து வானொலியில் காற்று நிலவரம் கேட்பார்கள். வெளிச்சம் வந்ததும் நங்கூரம் தூக்குவார்கள். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். நாளைக்கு ஐம்பது மைல் போனால் பெரிய விஷயம். பொழுது சாய்வதற்குள் ஓர் ஒதுக்கமான ஓடையில் நங்கூரம் போட்டு, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுக்கை. கயிறு இழுப்பது, ஏறுவது, இறங்குவது, குனிவது என்று உடம்பு சும்மா இருப்பதே இல்லை. "தூக்க மாத்திரையை விட்டு மூணு வருஷமாச்சு டாக்டர்" என்றார் அந்த அம்மா. (அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் நம் பேச்சில் தருகிறேன்.) சூரியனோடு எழுந்து சூரியனோடு படுப்பதைப் பற்றி நான் நோயாளிகளிடம் தொண்டை வறளச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை. இங்கே படகு கேட்க வைத்துவிட்டது!

தண்ணீர்தான் அளந்து செலவு. 300 லிட்டர் தொட்டி பத்து நாளைக்கு வரணும். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர். குடிக்க, சமைக்க, உடம்பு துடைக்க எல்லாம் அதிலேயே. குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும் நம் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் ஒரு வாரம் விடலாம்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு. கக்கூஸ் போவது தொல்லை என்று பெண்கள் குடிக்கும் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கும் முதல் வருஷம் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு இரண்டும் வந்திருக்கிறது. நம் பெண்கள் வெளியூர் பஸ் பயணத்தில் இதையேதான் செய்கிறார்கள், பிறகு என்னிடம் வந்து எரிச்சல் என்று அழுகிறார்கள். தண்ணீரைச் சிக்கனம் பண்ணுங்கள், குடிக்கிற தண்ணீரைப் பண்ணாதீர்கள்.

நார்ஃபோக்கிலிருந்து தெற்கே போகிற இரண்டு வழியில் ஒன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். பெரிய சதுப்புக் காட்டுக்குள் 22 மைல். 1793-ல் அடிமைகளைக் கொண்டு வெட்ட ஆரம்பித்து 1805-ல் திறந்தது. தண்ணீர் பார்க்க நம் டீ டிகாக்ஷன் நிறம்! மரப்பட்டைகளிலிருந்து துவர்ப்பு இறங்கிய நிறம் அது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சீக்கிரம் கெடாது என்று இந்தத் தண்ணீரைத் தேடிப் பீப்பாயில் பிடித்துப் போவார்களாம். எனக்கு எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றில் போட்டிருந்த நெல்லிக்கட்டை ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கு யாரும் அந்தத் தண்ணீரை அப்படியே குடிப்பதில்லை, நீங்களும் ஆற்றுத் தண்ணீரில் பரீட்சை பண்ண வேண்டாம்.

சரி, கடல் குமட்டலுக்கு வருவோம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஆடுது" என்கிறது. கேபினுக்குள் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத குழப்பம்தான் குமட்டல். மேலே வந்து தூரத்து அடிவானத்தைப் பார்த்தாலே பாதி குறையும். இஞ்சி நல்ல துணை. 1988-ல் டென்மார்க்கில் 80 கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்கு நடுக்கடலில் ஒரு கிராம் இஞ்சிப் பொடி கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தியும் குளிர்ந்த வியர்வையும் குறைந்தன. நம் சுக்கை அவர்கள் ஒத்துக்கொண்டதில் எனக்கு ஒரு சந்தோஷம்! ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இஞ்சியை மருந்து அளவில் தினமும் எடுக்கக் கூடாது.

குமட்டல் எல்லாம் கடல் குமட்டல் அல்ல!

இதை எனக்குச் சொன்னவர் அந்த அம்மா. முந்தின வருஷப் பயணம். கால்வாய் தாண்டி ஆல்பமார்ல் என்கிற பெரிய காயலைக் கடக்க வேண்டும். ஆழமில்லாத காயல், காற்று எழும்பினால் குட்டை குட்டையாகச் செங்குத்து அலை அடிக்கும். அதற்கு முன் கடந்துவிட வேண்டும் என்று பெரியவர் இருட்டிலேயே கிளம்பிவிட்டார். அவர் சர்க்கரை நோயாளி. இன்சுலினும் மாத்திரையும் உண்டு. வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். சாப்பாடு "அந்தக் கரை போய்ப் பார்த்துக்கலாம்."

நடுக் காயலில் அவருக்கு வியர்த்தது. முகம் வெளுத்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார். அலையில் படகு ஆடுகிறதே, கடல் குமட்டல்தான் என்று அந்த அம்மா குமட்டலுக்கான மாத்திரையைக் கொடுத்தார். தூக்கம் வரவைக்கும் மாத்திரை அது! எதிர்க்கரையில் அலிகேட்டர் ஆறு. முகத்துவாரத்தில் மணல்திட்டுகள். வழி காட்டும் சிவப்பு, பச்சைக் குறிகளுக்கு நடுவே போக வேண்டியவர் வெளியே விட்டுவிட்டார். படகு சேற்று மணலில் ஏறி நின்றது. பெரியவர் அப்படியே சரிந்தார்.

"அப்போதான் டாக்டர், எனக்கு எதுவுமே தெரியாதுன்னு தெரிஞ்சுது" என்றார் அந்த அம்மா.

ஆறு வருஷமாகப் படகில் இருக்கிறார். சமைப்பார், கயிறு வீசுவார், கணக்கு எழுதுவார். ஆனால் இன்ஜினை நிறுத்தத் தெரியாது, நங்கூரம் இறக்கத் தெரியாது, உதவி கேட்கிற ரேடியோவைத் தொட்டதே இல்லை. "அதெல்லாம் அவர் வேலை." துணியை வீசிக் கூப்பிட்டிருக்கிறார். நல்லவேளை, பின்னால் வந்த படகில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர். சின்ன ரப்பர் படகில் வந்து ஏறியவர் கேட்ட முதல் கேள்வி, "இவருக்கு சுகர் இருக்கா? என்ன மருந்து?" மாத்திரையின் பெயரும் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை! விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 42. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. விழுங்கும் நினைவு இருந்ததால் பழச்சாறு கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. அதன் பிறகு கடலோரக் காவல் படைக்குச் சொல்லிப் படகை மீட்டது தனிக் கதை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த அம்மா படித்திருக்கிறார். நான் பார்த்தபோது ரேடியோ பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை. ஒரு பக்கம்: பதினாறாம் சேனல், மூன்று முறை "மேடே", படகின் பெயர், எந்த இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். மறுபக்கம் இருவரின் மருந்துகள், வேளை, அளவு, எது ஒத்துக்கொள்ளாது என்று. அதை எழுதும்போதுதான் பெரியவருக்குத் தெரிந்ததாம், மனைவிக்குப் பென்சிலின் ஆகாது என்பது! கல்யாணமாகி 39 வருஷம்.

இப்போது வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மாதான் மாலுமி. பெரியவர் வாயைத் திறக்கக் கூடாது. நங்கூரம் போட்டால் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்று எனக்கு விளக்கியது அவர்தான். பெரியவர் அன்றைக்கு அடுப்படியில். கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள். மூடிய அறைக்குள் இன்ஜின் புகை வந்தால் தலைவலி, குமட்டல். அதையும் கடல் குமட்டல் என்று படுத்து, எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு. ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? என்னிடம் வரும் பெரியவர்களில் பலர் சர்க்கரைக்கு ஆங்கில மருந்தும் சாப்பிட்டுக்கொண்டு, யாரோ சொன்னார் என்று சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுகிறார்கள். அந்த டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வீட்டம்மாவுக்கும் தெரியாது. சிறுகுறிஞ்சான் நல்ல மூலிகைதான், நானே கொடுக்கிறேன். ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோடு சேரும்போது தாழ்வு இன்னும் ஆழமாகலாம். நாட்டு மருந்துதானே என்று மறைக்காதீர்கள். இன்சுலின் தேவைப்படுகிறவருக்குக் கஷாயம் போதும் என்று சொல்கிற வைத்தியரிடம் போகவும் போகாதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.

திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, உளறல், காரணமில்லாத கோபம் வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். பார்க்கக் கருவி இல்லையா? தாழ்வு என்றே வைத்துக்கொண்டு மூன்று, நாலு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். சில மாத்திரைகளில் தாழ்வு சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும் என்பதால் அன்றைக்குத் தனியே விடாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

படகிலிருந்து திரும்பிய அன்று இரவே ஊரிலிருந்த என் மனைவிக்குப் போன் போட்டேன். எனக்கு எட்டு வருஷமாக ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையும் உண்டு. "என் பிரஷர் மாத்திரை பேரு என்ன, சொல்லு" என்றேன்.

"வெள்ளையா, சின்னதா இருக்குமே... என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டாள்.

கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள், "சரி, நம்ம கேஸ் ரெகுலேட்டரை எந்தப் பக்கம் திருப்பினா மூடும்? எனக்குத் தைராய்டு மாத்திரை எத்தனை மைக்ரோகிராம்?"

இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் அட்டையைக் கிழித்து, இரண்டு பேர் மருந்தையும் எழுதி, அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். ரெகுலேட்டரை அவள்தான் சொல்லிக்கொடுத்தாள், மூன்று தடவை.