இயங்கும் மின்னேற்றமும் அலைவீசும் மின்னேற்றமும்

பெரியகல்லாற்று வாவியில் தோணியொன்று சீரான கதியிற் செல்லினும் அதன் இருமருங்கும் அலைகள் எழுந்து கரையை மோதும். வெற்றிடத்தில் இயங்கும் மின்னேற்றமும் இவ்வாறே அலை எழுப்புமெனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாமையை ஈண்டு ஆராய்வாம்.

ஓய்விலுள்ள மின்னேற்றத்தைச் சூழ மின்புலம் உண்டு. அது இயங்கின் காந்தப்புலமும் உடன்தோன்றும். மின்னோட்டம் செல்லுங் கம்பியின் அருகே காந்தவூசி திரும்புதலை 1820 இல் ஏர்ஸ்டெட் கண்டார். எனினும், மாறாக் கதியில் நேர்கோட்டிற் செல்லும் மின்னேற்றத்தின் இருபுலங்களும் அதனுடனேயே செல்வன. சக்தியைப் பிரித்துத் தொலைவுக்கு அனுப்புவனவல்ல. ஒத்த வேகத்தில் உடன்செல்வோனுக்கு அது ஓய்விலிருப்பதாகவே தோன்றும், ஓய்விலிருப்பது அலைவீசாதன்றோ? நீர்போன்ற ஊடகத்தினுள் ஒளி வேகங்குறைந்து செல்லும். ஆங்கு ஒளியை மிஞ்சியோடும் இலத்திரன் தோணிபோல அலையெழுப்பி நீலவொளி தரும். 1934 இல் செரென்கோவ் கண்ட இவ்விளைவு வெற்றிடத்தில் நிகழாது. அங்கே எம்மின்னேற்றமும் ஒளியை மிஞ்சுவதில்லை.

வெற்றிடத்தில் அலைக்குக் காரணம் ஆர்முடுகலே. மின்னேற்றம் தன் கதியையோ திசையையோ மாற்றின், அம்மாற்றம் சேய்மையிலுள்ள புலத்தை உடனே எட்டுவதில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் வேகத்திலேயே பரவும். மாற்றம் எட்டிய உட்பகுதியிற் புலக்கோடுகள் புதிய இயக்கத்தைப் பின்பற்றும். எட்டாத வெளிப்பகுதியிற் பழைய இயக்கத்தையே பின்பற்றும். இவ்விரண்டும் இணையுமிடத்தில் கோடுகள் மடங்கும். வெளிநோக்கி விரையும் அம்மடிப்பே மின்காந்த அலை. கதி சிறிதாயின், வீசப்படும் வலு ஆர்முடுகலின் வர்க்கத்துக்கு விகிதசமமென 1897 இல் லாமோர் காட்டினார்.

தூரம் 1,000 மடங்காகும்போது, ஓய்விலுள்ள மின்னேற்றத்தின் புலம் பத்திலட்சத்தில் ஒருபங்காகக் குறையும். அலையின் புலமோ ஆயிரத்தில் ஒருபங்காகவே குறையும். கம்பியில்லாச் செய்தித்தொடர்பு இயலுவது இவ்வேறுபாட்டினாலேயாம். ஜகதீச சந்திர போஸ் 1895 இல் கல்கத்தாவில் உலோகக் கோளங்களிடையே தீப்பொறி எழுப்பி, மின்னேற்றங்களை முன்னும்பின்னும் விரையச் செய்தார். பிறந்த அலைகள் சுவரை ஊடுருவி அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தன. 1925 டிசெம்பர் 16 இல் கொழும்பிலே தொடங்கிய வானொலியும் இத்தத்துவத்திலேயே இயங்கிற்று. அலைபரப்புங் கம்பியில் இலத்திரன்கள் செக்கனுக்குப் பத்திலட்சம் முறை அலையின், 300 மீற்றர் அலைநீளமுள்ள அலை பிறக்கும். அதே கம்பியில் மாறாத நேரோட்டத்தைச் செலுத்தின், அருகிலுள்ள காந்தவூசி திரும்புமேயன்றி அலை பிறவாது.

ஆகவே, இயக்கம் காந்தப்புலத்தைத் தரும்; இயக்கத்தின் மாற்றமே அலையைத் தரும். இவ்வேறுபாட்டை மாணாக்கர் தெளிந்துகொள்ளின் மின்காந்தவியலின் பெருவாயில் அவர்க்குத் திறந்ததாகும்.