வந்த டீச்சர் நம்ம தோட்டத்தில் தங்குவதற்கு

புது நியமனத்தில் டீச்சர் ஒருவர் வந்தால் நமக்கெல்லாம் சந்தோசம். கொஞ்ச நாளிலேயே அவர் இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டு விடுகிறார். கணக்குக்கு ஆள் இல்லாமல் ஓ.எல். வகுப்புப் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். "சம்பளம் காணாது, அதான் போறாங்க" என்று நாம் சொல்லிவிட்டு மலைக்குப் போய்விடுகிறோம்.

சம்பளக் குறை பொய்யில்லை. 2021இல் நாடு முழுவதும் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக மூன்று மாதத்துக்கு மேல் போராடினார்கள். அதைத் தீர்க்க வேண்டியது அரசாங்கம். ஆனால் போகிறவர்களை விசாரித்தால் முதலில் சொல்வது தங்கும் இடத்தைத்தான்.

1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மேல் வைத்தது. அந்தக் காலத்து வாத்தியார் தோட்டத்துக்குள்ளேயே இருந்தவர். 1970களுக்குப் பிறகு பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. வெளியூர் ஆசிரியர்களும் வரத் தொடங்கினார்கள். அவர்கள் எங்கே தங்குவது?

வயசுப் பிள்ளை ஒருத்தி வீட்டை விட்டு முதல் தடவையாக வருகிறாள். கதவுக்கு நல்ல பூட்டு இல்லை, கக்கூசுக்கு லைட் இல்லை, தண்ணீருக்குப் பீலிக்குப் போக வேண்டும். நம்ம வீட்டுப் பிள்ளையை இப்படி ஓர் இடத்தில் விடுவோமா? ஒரு தோட்டத்தில் பூட்டிக் கிடந்த குவாட்டர்ஸைத் திறக்கச் சொல்லி மாதர் சங்கத்தார் துரையிடம் பேசினார்கள். தோட்டம் தகரமும் பைப்பும் கொடுத்தது. வேலையை நம்ம ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார்கள். பக்கத்து லயத்து அம்மா ஒருவர் ராத்திரித் துணைக்குப் படுத்தார். அங்கே வந்த இரண்டு டீச்சர்மாரும் மாற்றம் கிடைக்கும் காலம் வந்த பிறகும் இருந்தார்கள்.

அடுத்தது பாதை. பஸ் இறங்கி அட்டைக் கடியோடு மேலே ஏறி வருகிறவருக்கு, அந்த நேரம் லொறி வந்தால் முன் சீட்டில் இடம் கொடுக்கச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகும் டீச்சரின் பஸ் நேரத்துக்கு முன்னே கூட்டத்தை முடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, இது நமக்குக் கசக்கும். சம்பள நாளிலும் திருவிழா மறுநாளிலும் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான். கைப்பிள்ளையைப் பார்க்க மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துகிறோம். பிள்ளைக் காம்பரா எதுக்கு இருக்கு? ராத்திரி முழித்துப் பாடம் ஆயத்தம் செய்தவருக்கு வெறும் பெஞ்சைப் பார்த்தால் மனசு விட்டுப் போகும்.

நம்ம பிள்ளைகளே பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியராக வருகிறார்கள். அவர்களுக்கு ஊரும் பாஷையும் பழக்கம், நின்று பிடிப்பார்கள். ஆனால் நாமோ, "நேத்து நம்ம லயத்துல ஓடித் திரிஞ்சவன்தானே" என்கிறோம். பிள்ளைக்கு ஓர் அடி விழுந்ததாகக் கேள்விப்பட்டால் சேரிடம் கேட்காமல் தலைவரிடம் ஓடுகிறோம். அடிப்பது சரியென்று நான் சொல்லவில்லை. முதலில் அவரிடமே போய்க் கேளுங்கள். தீராவிட்டால் அதிபரிடம் போகலாம்.

உங்கள் தோட்டத்தில் பூட்டிய குவாட்டர்ஸ் இருந்தால் தலைவர்மாரும் மாதர் சங்கமும் சேர்ந்து துரைக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். எத்தனை தகரம், எத்தனை அடி பைப் வேணும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.