தவணைக்காரரும் லைவ் அக்காவும்

தவணைத் துணிக்காரர் வரும் நாள் தெருவுக்கே தெரிந்திருக்கும். சைக்கிள் கேரியரில் இருந்து மூட்டையை இறக்கித் திண்ணையில் அவிழ்த்தால் நாலு வீட்டுப் பெண்கள் கூடிவிடுவார்கள். ஒருத்தி முந்தானையை விரிப்பாள். இன்னொருத்தி துணியை விரலிடுக்கில் தேய்த்து, "சாயம் போகாதே?" என்பாள். பிடித்த சேலையை அன்றே எடுத்துக்கொள்ளலாம். பணம் வாராவாரம். ஒவ்வொரு வரவும் ஓர் அட்டையில் ஏறும். கடை விலையைவிட அவர் விலை கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். மொத்தமாகப் பணம் புரளாத வீடுகளுக்கு வேறு வழி இல்லை.

இன்று அந்த மூட்டை அவிழ்வது செல்போனில். சேலம் பக்கத்து இளம்பிள்ளை இதற்கு நல்ல உதாரணம். சேலைக்குப் பேர்போன அந்த ஊர்ச் சரக்கை முன்பு மொத்த வியாபாரிகள் வந்து கட்டிக்கொண்டு போனார்கள். இப்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்கள் வழியாக ஒற்றைச் சேலையாகவும் விற்கிறது. "வணக்கம் சிஸ்டர்ஸ், சவுண்ட் கிளியரா இருக்கா?" என்று லைவ் தொடங்கும். ரிங் லைட் வெளிச்சத்தில் விற்கும் அக்கா சேலையைக் கைக்குள் கசக்கி விரித்துக் காட்டுவார். அது மென்மைக்குச் சாட்சி. பிறகு பார்டரின் உள்பக்கம், முந்தானை, பிளவுஸ் துண்டு. "பிடிச்சவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஒரே பீஸ்தான் இருக்கு." அடுத்த நிமிடமே கமெண்ட்டில் "புக்டு" விழும்.

ஃபேஸ்புக்கில் வணிகப் பக்கங்கள் 2007லேயே வந்துவிட்டன. ஆனால் நம் ஊர்களில் அது வியாபாரமாகச் சூடுபிடித்தது பத்தாண்டு கழித்துத்தான். 2016இல் யூபிஐ வந்தது. அதே ஆண்டு ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இந்தியாவுக்கு வந்தது. 2020 ஊரடங்கில் கடைகள் மூடிக்கிடந்தபோது, வீட்டிலிருந்த பலர் போனையே கடையாக்கினார்கள். டிக்டாக் தடைசெய்யப்பட்ட அடுத்த மாதமே ரீல்ஸும் வந்து சேர்ந்தது.

அன்று திண்ணையைச் சுற்றி நின்று வாங்கிய பெண்களின் மகள்கள் இன்று விற்கிறார்கள். இது பெரிய மாற்றம். இவர்களில் பலரிடம் சரக்கே கிடையாது. மொத்த வியாபாரியின் குரூப்பில் வரும் படத்தை எடுத்து, ஐம்பதோ நூறோ சேர்த்து, தங்கள் குரூப்பில் போடுவார்கள். பணம் வந்ததும் மொத்த வியாபாரிக்கு முகவரி போகும். பார்சல் அங்கிருந்தே கூரியரில் கிளம்பும். அனுப்புநர் பெயர் மட்டும் இந்த ரீசெல்லருடையது. "தறியிலிருந்து நேரடியாக" என்று எழுதிய சேலைகூட இப்படி இரண்டு மூன்று கை மாறி வந்ததாக இருக்கலாம். பின்னணியில் கைத்தறி ஓடும் வீடியோ, கையில் விசைத்தறிச் சேலை என்பதும் நடக்கிறது. கைத்தறி முத்திரை 2006 முதல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பவர்கள் குறைவு.

இதையெல்லாம்விட முக்கியமாகப் புரண்டது கடனின் திசை. அன்று பொருள் முதலில், பணம் பிறகு. நம்ப வேண்டியவர் வியாபாரி. அவரும் வீடு, வாசல், வீட்டுக்காரர் வேலை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார். ஊரைவிட்டுப் போன குடும்பத்தோடு அவர் பணமும் போய்விடும். இன்று பணம் முதலில், பொருள் பிறகு. பார்சலைத் திருப்பி அனுப்பினால் இரண்டு பக்கக் கூரியர் செலவும் தங்கள் தலையில் விழும் என்று விற்பவர்கள் பலர் கேஷ் ஆன் டெலிவரி தருவதில்லை. சேலை கிழிந்திருந்தால் அதை நிரூபிக்கும் பாரமும் வாங்குபவருக்குத்தான்: "பார்சல் பிரிக்கும் வீடியோ கட்டாயம், நோ ரிட்டர்ன், நோ எக்சேஞ்ச்." விற்பவரின் வீடும் தெரியாது, ஊரும் தெரியாது. அடுத்தவர் படங்களைத் திருடிப் போலிப் பக்கம் நடத்துபவர்களுக்கு இது வசதியாகிவிட்டது.

"நோ ரிட்டர்ன்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பணமே மோசடியாகப் போனால் 1930.

விற்பவருக்கும் புதுக் கவலைகள் உண்டு. தவணைக்காரரின் கணக்கு நோட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. இவர்கள் சேர்த்த ஆயிரக்கணக்கான ஃபாலோயர்கள் இருப்பது இன்னொருவர் நிறுவனத்தில். பக்கம் ஹேக் ஆனாலோ முடங்கினாலோ ஒரே இரவில் கடை காணாமல் போகும். அதனால் விவரமானவர்கள் வாடிக்கையாளர் எண்களைத் தனியாகக் குறித்துவைக்கிறார்கள். கையில் கொஞ்சம் சரக்கும் வைத்துக்கொள்கிறார்கள். தொட்டுப் பார்க்காத துணியைப் பற்றி எவ்வளவுதான் சொல்ல முடியும்?

கையில் சரக்கு இருப்பவர் லைவில் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். "இந்த இடத்துல ஒரு நூல் இழுத்திருக்கு சிஸ்டர், மடிப்புல மறைஞ்சிடும், அதனால நூறு ரூபா குறைச்சிருக்கேன்" என்று குறையைக் கேமராவுக்கு நேராகக் காட்டுவார். பல நேரங்களில் அந்தச் சேலைதான் முதலில் புக் ஆகிறது.